அண்ணி நேர்ந்துகொண்ட முடி

எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் ஓர் இடத்தில் நின்று என் முகத்தைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளைக்கு டைபாய்டு வந்திருந்ததா என்று கேட்பார்கள். கோட்டு, டை, ரோஜா மாலை எல்லாம் சரியாகத்தான் இருக்கும். என் கணவரின் தலையில் மட்டும் அரை விரல்கடை முடி. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குச் சில மாதங்கள் முன்பு அவருடைய அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல் என்று ஸ்கேனில் தெரிந்தது. கல் கரைந்தால் முடி கொடுப்பதாக வேளாங்கண்ணி மாதாவுக்கு அக்கா நேர்ந்துகொண்டார். கல் கரைந்துவிட்டது. மொட்டை போட்டுக்கொண்டவர் தம்பி.

அந்த அக்காதான் எனக்கு அண்ணி. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கும் யார் தலையிலாவது ஒரு நேர்ச்சை வைப்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. வருஷம் போகப் போக எல்லாம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறவேண்டும் என்று ஆசையும் இல்லை.

ஜமுனாமரத்தூரில் ஓர் அரசுப் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். போளூர்ப் பக்கத்திலிருந்து மலைக்கு மாற்றிப் போட்ட நாளிலிருந்து, எப்போது கீழே இறங்குவோம் என்பதுதான் அவருடைய ஒரே நினைப்பு. கணவர் முன்பே இறந்துவிட்டார். மகன் ஓசூரில் வேலையில் இருந்தான். தனியாக இருக்க முடியாது என்று தம்பியை வரவழைத்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்துக் கொடுத்தார். கல்யாணம் ஆனதும் நானும் அந்த வீட்டுக்கே போனேன். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், கேஸ் அவர் பெயரில். சமையலறையில் உப்பு டப்பா இருக்கும் இடம்கூட அவர் சொன்ன இடம்.

நேர்ந்துகொள்வதை நான் குறை சொல்லவில்லை. நானும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள்தான். எனக்கு அம்மை போட்டபோது என் அம்மா கோயில் மணலில் முழங்காலில் நடந்தார். அது அவருடைய முழங்கால். அண்ணி நேர்ந்துகொண்டால் முழங்கால் வேறு யாருடையதாவது இருக்கும்.

நான் அந்த வீட்டுக்குப் போன வருஷம், தவக்காலம் தொடங்கிய அன்று காலையில் எனக்குக் காபி கலந்துகொண்டிருந்தேன். அண்ணி பின்னால் வந்து நின்றார்.

"உனக்கு வேணாம்மா," என்றார்.

"ஏன் அண்ணி?"

"எனக்கு பிரஷர் எறங்கணும்னு நேந்துக்கினேன். ஈஸ்டர் வரைக்கும் உனக்கு காபி கெடையாது."

"பிரஷர் உங்களுக்குத்தானே அண்ணி?"

"அதான். பிரஷர வெச்சிக்கினு நான் காபிய வுட்டா தலை சுத்திடும். நேர்ச்சைன்னா யாருக்காச்சும் வலிக்கணும்மா. அப்பதான் மாதாவுக்குப் போய்ச் சேரும்."

இதைச் சிரிக்காமல் சொன்னார். என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, இரண்டு மடக்கு குடித்துவிட்டு, சர்க்கரை போதாது என்று வைத்தார். ஈஸ்டர் வரைக்கும் நான் வெந்நீர் குடித்தேன். ராத்திரி என் கணவரிடம் கேட்டால், "அம்மா போனப்புறம் அக்காதான் எனக்கு சோறு போட்டுச்சி," என்பார். எதைக் கேட்டாலும் அவரிடம் அந்த ஒரு பதில்தான். உண்மைதான், வளர்த்தார். வளர்த்த கடனை வட்டியோடு தலைமுடியாகவும் தாடியாகவும் வசூலித்துக்கொண்டும் இருந்தார்.

பக்கத்துக் கொல்லையில் சாமையும் புளியும் வைத்திருந்த ஒரு மலைக்காரம்மாதான் அண்ணியிடம் நேருக்கு நேர் பேசிய ஒரே ஆள். அவருடைய பலா மரத்தின் கிளை ஒன்று எங்கள் வேலிக்கு மேல் நீண்டிருந்தது. பத்தாம் வகுப்பில் தன் பாடத்தில் எல்லாரும் பாஸானால் அந்தக் கிளையின் முதல் பழம் கோயில் திருவிழாவுக்கு என்று அண்ணி நேர்ந்துகொண்டு, பழம் முற்றியதும் ஆள் விட்டு இறக்கச் சொன்னார். அந்த அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து நின்றார்.

"எம் மரத்துப் பழத்த நீ நேந்துக்கினா எப்டி டீச்சரு? ஒந் தலையில இம்மாம் நீளம் முடி கீது. அத்தக் குடேன்."

அண்ணிக்கு முடி இடுப்புக்குக் கீழே தொங்கும். சனிக்கிழமை சீயக்காய், பிறகு சாம்பிராணிப் புகை, பிறகு வெயிலில் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம். அந்த முடிமேல் அவர் ஒருநாளும் எதையும் நேர்ந்துகொண்டதில்லை. மகன் தலைமேலும் கிடையாது. மலைக்காரம்மா சொன்னதைக் கேட்டு அண்ணி புன்னகை செய்தார். "அதுங்களுக்கு நம்ம வேதம் புரியாது," என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். பழம் மட்டும் மரத்திலேயே இருந்தது. எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது.

இப்படிப்பட்டவரின் வீட்டுக்குத்தான் புஜ்ஜி வந்தது. மாற்றலாகிக் கீழே போன ஒரு டீச்சர் கொடுத்துவிட்டுப் போன லாசா வகை நாய், வெள்ளையும் தேன் நிறமும் கலந்தது. விட்டால் முடி தரையைப் பெருக்குகிற ஜாதி. என் கணவர் கடைக்குச் சாமான் வாங்க வேலூர் போகும்போது கூடையில் வைத்து எடுத்துப் போய், ஒட்ட வெட்டிக் கொண்டுவருவார். ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு வந்து இறங்கும்.

அந்த வருஷம் மாற்றல் கலந்தாய்வில் அண்ணிக்குப் போளூர் கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர் முகம்கூடக் கழுவாமல் கூடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் புஜ்ஜியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இதுக்கு முடி வெட்டாதீங்க," என்றார். "போளூர் கெடைக்கற வரைக்கும் இது மேல கத்திரி படாது. கெடைச்சா மொத்த முடியும் மாதாவுக்கு."

என் கணவர் சிரித்துவிட்டார். "நாய் முடியா அக்கா?"

"அதுவும் ஆண்டவர் படைச்ச உயிருதானேடா."

சிரிப்பு நின்றது. தன் தலை தப்பியது என்று அவருக்கு ஒரு நிம்மதிகூட வந்திருக்கும்.

முடி வளர்ந்தது. அடுத்த மழைக்குள் காது எது, கன்னம் எது என்று தெரியாமல் தொங்க ஆரம்பித்தது. சாயங்காலம் பள்ளி விட்டதும் அண்ணி வாசலில் நாற்காலி போட்டு, புஜ்ஜியை மடியில் வைத்து, பெரிய பிரஷ்ஷால் முதுகை மேலாக நாலு இழுப்பு இழுப்பார். நெற்றி முடியைத் தூக்கி ரிப்பன் கட்டுவார். போகிற டீச்சர்கள் நின்று பார்ப்பார்கள். "எவ்ளோ அழகா வெச்சிக்கினு கீறீங்க டீச்சர்," என்பார்கள். அண்ணி கண்ணை மூடி, "எல்லாம் மாதாவுக்கு," என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, துண்டால் பரபரவென்று தேய்த்து, வாசலில் விட்டுவிடுவார். மேலே பட்டு மாதிரி இருக்கும். உள்ளே கை விட்டுப் பார்த்தது நான்தான்.

சிக்கு எடுக்காமல் நாயைக் குளிப்பாட்டினால் அந்தச் சிக்கு காயும்போது இறுகி மெத்தைப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். இது எனக்கும் அப்போது தெரியாது. புஜ்ஜியின் வயிற்றிலும் காதுக்குப் பின்னாலும் கட்டி கட்டியாகப் பிடித்திருந்ததைத் தொட்ட பிறகுதான் போனில் வீடியோக்கள் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து குளிப்பாட்டுவதற்கு முந்தின மத்தியானம் புஜ்ஜி என்னுடையது. பாயில் பக்கவாட்டில் படுக்க வைப்பேன். வயிற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கி, முடியை மேலே தள்ளிப் பிடித்து, வகிடு வகிடாகப் பிரித்து, அடியில் தோல் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சீவ வேண்டும். சிக்கு வந்தால் சீப்பை இழுக்கக்கூடாது. கொஞ்சம் சோளமாவைத் தூவி, முடியின் அடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற கை விரலால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். அடியைப் பிடித்தால் தோல் இழுபடாது, அதற்கும் வலிக்காது. முகத்துக்குப் பேன் சீப்பு. குளித்த பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, டிரையரை மிதமாக வைத்து, அடி முடி காயும்வரை விடக்கூடாது. எங்கள் மலையில் மார்கழி ஈரம் லேசில் போகாது.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. புஜ்ஜி முதலில் உறுமும், பிறகு பெருமூச்சு விட்டுக் காலை நீட்டும். அந்த வீட்டில் என் கைக்கு நன்றி காட்டிய ஜீவன் அது ஒன்றுதான்.

ஆனால் எவ்வளவு பார்த்தாலும் மலையில் நீள முடியைக் காப்பாற்ற முடியாது. கொல்லையில் ஒரு சுற்று சுற்றி வந்தால் நாயுருவி விதை முழுக்க ஒட்டிக்கொண்டு வரும். மழை விட்டதும் ஊசிப்புல் காய்ந்தது. அதன் முள் முடிக்குள் போனால் வெளியே வராது, நடக்க நடக்க உள்ளேதான் ஏறும். அந்தச் சமயம் பார்த்து என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் நான் அமிர்திப் பக்கத்தில் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. போகும்போது சீப்பை அண்ணியிடம் கொடுத்து, குளிப்பாட்டாதீர்கள், சீவினால் போதும் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்தபோது புஜ்ஜி வாசலுக்கு ஓடிவரவில்லை. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலால் நொண்டி வந்தது. முதுகு பளபளவென்று இருந்தது. புது ரிப்பன்.

மடியில் தூக்கினேன். நாற்றம் மூக்கில் ஏறியது. அக்குளில் விரல் நுழையவில்லை. காலும் விலாவும் ஒரே முடிச்சாகச் சேர்ந்து, நடக்கும்போதெல்லாம் தோலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. விரலால் பிரிக்கிற நிலையெல்லாம் தாண்டிவிட்டது. கத்திரியை முடிச்சுக்குள் நீளவாக்கில் விட்டுக் கீறினால் வழி உண்டு. கத்திரிதான் படக்கூடாது.

"அண்ணி, உள்ள புண்ணு வெச்சிருக்கு."

"ஆமா, ரெண்டு நாளா நொண்டுது. கவுன்சிலிங்குக்கு இன்னும் ஒரு மாசந்தான் கீது. தாங்கிக்கும்."

கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணி கூடவே வந்தார், நான் ஏதும் செய்துவிடக்கூடாது என்று. டாக்டர் அழுத்திப் பார்த்தார். புஜ்ஜி கத்திய கத்தலில் வெளியே கட்டியிருந்த மாடு திரும்பிப் பார்த்தது.

"முடிய எடுத்தாத்தான் மருந்து போட முடியும்," என்றார் டாக்டர். "வுட்டா சீழ் உள்ள எறங்கிடும். அப்பால நாய் பொழைக்கறதே கஷ்டம்."

"ஒரு மாசம் பொறுத்துக்கங்க டாக்டர். கவுன்சிலிங் வருது."

"நாய்க்கா டீச்சர்?"

அண்ணி எழுந்து வெளியே நடந்தார். நான் விடவில்லை. வரும் வழியிலேயே பங்குச் சாமியாரைப் பார்க்கப் போகலாம் என்றேன். அவருக்கு இதைக் கேட்டு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், "நேந்துக்கினவங்கதான் செலுத்தணும்மா," என்றார். "இந்த நாய் இன்னா நேந்துகிச்சு? போய் முடிய வெட்டுங்க."

அண்ணி முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டார். வாசலுக்கு வந்ததும், "ஃபாதருக்குச் சின்ன வயசு. அனுபவம் போறாது," என்றார். வீட்டுக்கு வந்து கத்திரிக்கோலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைச் சினிமா மாமியார் மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மாதம் தாங்குமா, தாங்காதா என்று அந்த மனுஷி ஒரு உயிரை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் பள்ளிக்குப் போனதும் மலைக்காரம்மாவிடம் போய் வேறு கத்திரி கேட்டேன். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் தானே வந்து புஜ்ஜியின் தலையைப் பிடித்துக்கொண்டார். தோலுக்கும் முடிச்சுக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டினேன். அப்படி வெட்டினால் தோலில் படாது. ஒரு பக்கம் முழுவதும் கம்பளித் துண்டு மாதிரி ஒரே பாளமாகக் கழன்று வந்தது. அக்குளில் தோல் செக்கச் செவேலென்று நீர்விட்டுக்கொண்டிருந்தது. ஊசிப்புல் முள் பாதி வெளியே, பாதி உள்ளே. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கத்தும் என்று நினைத்தேன். கத்தவில்லை. முடியெல்லாம் போன பிறகு பூனை அளவுக்கு ஆகிப்போன அந்த நாய், என் கால்மேலேயே தூங்கிவிட்டது.

"இம்மாம் முள்ள வெச்சிக்கினா சும்மா இருந்துச்சு," என்றார் மலைக்காரம்மா. 

சாயங்காலம் அண்ணி வந்தார். நாயைப் பார்த்தார், தரையில் கிடந்த பாளத்தைப் பார்த்தார். கத்துவார் என்று தயாராக இருந்தேன்.

"எனக்கு டிரான்ஸ்ஃபர் வேணாம்னு நீயே முடிவு பண்ணிட்ட," என்றார் மெதுவாக.

"புண்ணப் பாருங்க அண்ணி."

"புண்ணு ஆறிடும்மா. நான் எத்தினி வருஷம் இங்கயே கெடக்கறது?"

அந்தக் குரலில் நிஜமான அழுகை இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவர் நடிக்கவில்லை. தன் கஷ்டம் அவருக்கு நன்றாக வலித்தது. அடுத்தவர் வலி மட்டும் அவருக்குச் செலவுக்கு வைத்திருக்கும் சில்லறை.

அந்தக் கலந்தாய்விலும் போளூர் கிடைக்கவில்லை. அவரைவிட மூத்தவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். ஆனால் கோயிலில் எல்லாருக்கும் தெரிந்த கதை வேறு. தம்பி பெண்டாட்டி கத்திரியால் டீச்சர் டிரான்ஸ்ஃபரை வெட்டிவிட்டாள். பூசைக்குப் போனால் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார யோசித்தார்கள். அண்ணி என்னோடு பேசுவதை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "சோறு," என்பார். என் கணவர் இரண்டு பேருக்கும் நடுவில் ஜெராக்ஸ் மெஷின் மாதிரி, இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கவலையும் இல்லை. புஜ்ஜியின் புண் ஆறி, தோல் மூடி, புது முடி முளைத்தது. அதை விரல்கடை அளவுக்கு வளரவிட்டு, வகிடு எடுத்துச் சீவி, மடிப்பு மடிப்பாகக் காயவைத்தேன். ஒரு சிக்குகூட இல்லை.

அடுத்த வருஷம் எந்த நேர்ச்சையும் இல்லாமல், வரிசைப்படி அண்ணிக்குப் போளூர் கிடைத்தது. நான் செய்த பாவத்தையும் மன்னித்து மாதா கொடுத்ததாகச் சொன்னார். போளூரில் பார்த்த வீட்டுக்காரர் நாய் கூடாது என்றதால் புஜ்ஜி, கடைக்காக மலையிலேயே தங்கிய எங்களோடு என்று முடிவானது. அன்றைக்கு நான் எந்த மாதாவிடமும் கேட்காமல் கிடைத்த வரம் அது.

மினி லாரியில் சாமான் ஏற்றினார்கள். வழியனுப்ப டீச்சர்கள் வந்திருந்தார்கள். அண்ணி எல்லாரிடமும் அழுது விடைபெற்றார். கடைசியாக வாசற்படியில் உட்கார்ந்திருந்த புஜ்ஜியிடம் வந்து குனிந்து, அதன் தலையில் கை வைத்தார். முத்தம் கொடுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மாதாவே," என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "என் புள்ளைக்கு நல்ல எடத்துல பொண்ணு அமையணும். அமையற வரைக்கும் இது மேல கத்திரி படாது. எத்தினி வருஷம் ஆனாலும் சரி. அமைஞ்சா மொத்த முடியும் உனக்கு."

டீச்சர்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "நல்லபடியா அமையும் டீச்சர்," என்றார் ஒருவர்.

நான் உள்ளே போய்க் கத்திரியை எடுத்து வந்தேன். என் கணவர் பார்த்துவிட்டார். "வேணாம்," என்றார். நான் படியில் உட்கார்ந்து, புஜ்ஜியின் தொடைக்கு மேல் சுத்தமான இடமாகப் பார்த்து ஒரு பிடி முடியை விரலுக்கு நடுவில் பிடித்து வெட்டினேன். எழுந்து, அண்ணியின் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வைத்தேன்.

"கத்திரி பட்டுடுச்சு அண்ணி. நேர்ச்சை முடிஞ்சிடுச்சு. இனிமே நேந்துக்கறதா இருந்தா உங்க மேல நேந்துக்கங்க."

 அண்ணி உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மாதாவுக்கு என்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது, கீழே போட முடியாது. பையில் வைக்கவும் மனம் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். விரல்களை மூடிக்கொண்டு, ஒரு கையாலேயே லாரியில் ஏறப் பார்த்தார், முடியவில்லை. என் கணவர்தான் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிட்டார். வண்டி நகர்ந்தபோது புடவையில் ஒட்டிவிடக்கூடாது என்று அந்தக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தார். வளைவில் திரும்பும்வரை அந்த மூடிய கை தெரிந்தது. எனக்குப் பாவமாக இல்லை.